பட்டியலின் முதல் வரி

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. வழக்கமாக இது தலைகீழாகத்தான் இருக்கும். நான் என்ன செய்ய, நடந்தது இப்படி.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் ஊருக்கே அவள் டீச்சர். சாதிச் சான்றிதழ், ரயில் டிக்கெட், ஆதாரில் பெயர் திருத்தம், எல்லாம் அங்கேதான் நடக்கும். மே மாதம் பிறந்துவிட்டால் இவை எல்லாம் ஓரம் போய்விடும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வந்து வாசல்வரை நிற்பார்கள்.

சீடர் சுடலைமுத்து. முப்பது வருடம் உப்பு லாரி ஓட்டியவர். முழங்கால் மக்கர் பண்ணியதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மவுசைப் பிடிக்க வந்தார். முதல் நாள் மவுசை மேஜையிலிருந்து தூக்கிக் காற்றில் ஆட்டினார் என்பதை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் வேலையைப் பழகிவிட்டார்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. எதையும் கேட்க மாட்டார். கல்யாணப் பந்தியில் பாயசம் தன் இலையைத் தாண்டிப் போனால், போகட்டும் என்று விட்டுவிடுவார். பஸ்ஸில் சீட்டின் மேல் யாருடைய பையாவது இருந்தால், அது யாருடையது என்று கேட்காமல் திருச்செந்தூர் வரை நின்றுகொண்டே போவார். நல்ல மனுஷன் என்று ஊர் சொல்லும். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை.

அன்று பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் வேண்டும் என்று பிள்ளைகள் வரிசையாகப் பதிந்து பூட்ட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

காலையில் மாரிச்செல்வி வந்திருந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் பொன்னுச்சாமியின் மகள். ஜெசிந்தா ஒரு வேலையாகத் தூத்துக்குடி போயிருந்ததால் சுடலைமுத்துவே அவளுடைய பட்டியலை நிரப்பினார். யார் துணையும் இல்லாமல் அவர் நிரப்பிய முதல் பட்டியல் அது. பூட்டவில்லை. டீச்சர் பார்க்காமல் எதையும் பூட்டக் கூடாது என்பது கடையின் சட்டம்.

மூன்று மணிக்கு ஜெசிந்தா திரும்பி வந்ததும் பட்டியலைக் காட்டினார். பரீட்சைத் தாளை நீட்டும் பிள்ளை மாதிரி நின்றார்.

ஜெசிந்தா படித்தாள். முதல் வரியில், பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு கல்லூரி. இரண்டாவது, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. சென்னையில் இருக்கும் பெரிய அரசுக் கல்லூரி ஏழாவதாக, கடைசியில் கிடந்தது.

"இந்த வரிசை அந்தப் பிள்ள சொன்னதா, அண்ணாச்சி?"

சுடலைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது சென்னையத்தான் முதல்ல சொல்லிச்சு, டீச்சர். கெமிக்கல் படிக்கணுமாம். உப்பு எடுத்த பெறவு பாத்தியில கசப்புத் தண்ணி நிக்கும்லா, அதுல என்னதான் இருக்குன்னு தெரியணுமாம்."

"பெறவு?"

"நாந்தான் சொன்னேன். அதெல்லாம் நமக்கு எட்டாது தாயி, எட்டுறத முதல்ல போடுவோம்னு. சரி மாமான்னு சொல்லிருச்சு."

"ரேங்க் பாத்தீங்களா?"

"பாத்தேன். போன வருசம் இந்த ரேங்குக்குப் பக்கத்துல சிலருக்குக் கிடைச்சிருக்கு, சிலருக்குக் கிடைக்கல. கிடைக்காததக் கேக்கப் போயி கிடைக்கிறதும் போயிட்டா? ரேசன் கடையில மண்ணெண்ணெய் வரிசையில நின்னு, தீந்துபோச்சுன்னு திரும்பி வந்தா, அரிசி வரிசையில கடைசி ஆளாத்தான நிக்கணும்?"

ஜெசிந்தா பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தாள். அவருக்கு அது பொறுக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க, டீச்சர். எட்டாததை எதுக்குக் கேக்கணும்?"

"பசிக்கு," என்றாள் குரு.

"என்னது?"

"பசிக்கு, அண்ணாச்சி. டீக்கடையில பருப்பு வடை இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா உளுந்த வடை. அதுவும் இல்லன்னா பிஸ்கட் வாங்கிட்டு வாங்க."

அது பாடமா, நிஜமாகவே பசியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

சுடலைமுத்து போன வேகத்தில் திரும்பி வந்து பிஸ்கட் பாக்கெட்டை மேஜையில் வைத்தார்.

"வடை இல்லையா?"

"கண்ணாடிப் பெட்டி காலியாக் கெடந்துச்சு."

"கேட்டீங்களா?"

"காலியா இருக்கிறதப் பாத்தாலே தெரியுதே, டீச்சர். நான் போயிக் கேட்டு, அவன் இல்லன்னு சொல்லி, எதுக்கு?"

சொல்லி வாய் மூடவில்லை. பக்கத்துத் தையல்கடை எஸ்தர் அக்கா உள்ளே வந்தாள். கையிலிருந்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறியிருந்தது.

"டீச்சர், பருப்பு வடை. டீக்கடைக்காரரு இப்பத்தான் சட்டியில இருந்து எடுத்தாரு. சூடா ஒண்ணு எடுத்துக்கிடுங்க."

ஜெசிந்தா ஒன்றை எடுத்தாள். பாதியாகப் பிய்த்துச் சீடரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் வாயில் வைக்கவில்லை. சூடு கையைச் சுட்டிருக்கும். அதுகூட அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஜெசிந்தா பட்டியலின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இது ரேசன் கடை இல்ல, அண்ணாச்சி. இந்தப் பிள்ளையோட முறை வரும்போது கம்ப்யூட்டர் மேல இருந்து ஒண்ணொண்ணாப் பாக்கும். முதல் வரியில இடம் இல்லையா, அந்த நிமிசமே அடுத்த வரியப் பாக்கும். முறை ஒண்ணும் போகாது. எந்த வரியில இடம் இருக்கோ அங்கனயே நின்னுரும். அதுக்குக் கீழ பாக்காது."

"அப்ப, நான் முதல்ல போட்ட காலேஜுல இடம் இருந்தா?"

"இருக்கும். நிறையவே இருக்கும்."

"சென்னைய?"

"பாக்கவே பாக்காது."

லாரி ஓட்டிய காலத்தில் இரண்டு தடவை அவருக்குப் பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது. அன்றைக்கெல்லாம் இப்படிப் பயந்ததில்லை என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

"நீங்களே மாத்திருங்க, டீச்சர். நேரம் இருக்கு."

"மாத்தலாம். காலையில அந்தப் பிள்ளைக்காக நீங்க முடிவு பண்ணின மாதிரி, இப்ப நான் பண்ணலாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா பொன்னுச்சாமியின் போனுக்கு அடித்துப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதற்குள் வாசலில் சுடலைமுத்துவின் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. பாதி வடை மேஜை மேல் இருந்தது.

உப்பளத்தில் வெயில் மேலேயும் இருக்கும், கீழேயும் இருக்கும். பொன்னுச்சாமி பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாரிச்செல்வி, வீட்டுக்குப் போகாமல் அவரோடு ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுடலைமுத்து வண்டியை நிறுத்துவதற்கு முன்பே கத்தினார்.

"தாயி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கும், எங்கே நிற்கும் என்பதை டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னார். பொன்னுச்சாமிக்குப் பாதிதான் விளங்கியது. சென்னை என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உனக்கு எது முதல்ல வேணும், தாயி? நீ சொல்லு."

மாரிச்செல்வி அப்பாவைப் பார்த்தாள்.

"என்னைய ஏன் பாக்க? அண்ணாச்சி உன்னையத்தான கேக்காரு," என்றார் பொன்னுச்சாமி.

"சென்னை," என்றாள் மெதுவாக.

"காலையிலயும் இதத்தான் சொன்ன. நாந்தான் காதுல வாங்கல."

"இல்ல மாமா, நீங்க சொன்னது எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா ஒரு மாதிரி இருக்கும்லா?"

சுடலைமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. அது அவருடைய பேச்சு. இத்தனை வருடம் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. பதினேழு வயதுப் பிள்ளையின் வாயில் அதைக் கேட்க அவரால் முடியவில்லை. வெயில் கூசுகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டியில ஏறுங்க, நேரம் ஆகுது," என்றார்.

மூன்று பேரும் ஒரே மொபெட்டில். போலீஸ்காரர் யாராவது பார்த்திருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்கும். முன்னால் சுடலைமுத்து, பின்னால் பொன்னுச்சாமி, நடுவில் மாரிச்செல்வி. பாதி வழியில் அவள் கேட்டாள்.

"மாமா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பத்தாங் கிளாஸ். நல்ல மார்க்குத்தான். பாலிடெக்னிக்குக்கு ஃபாரம் வாங்கினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதினேன். போட்டோகூட ஒட்டியாச்சு."

"பெறவு?"

"கொண்டுபோயிக் குடுக்கல."

"ஏன் மாமா?"

"இல்லன்னு சொல்லிருவாங்கன்னு."

"சொன்னாங்களா?"

சுடலைமுத்து ஒரு பள்ளத்தைப் பார்த்து ஒதுக்கி ஓட்டினார்.

"குடுத்தாத்தானம்மா சொல்லுவாங்க," என்றார்.



கடைக்கு வந்தபோது மணி நான்கு இருபது. ஜெசிந்தா எழுந்து தன் நாற்காலியை மாரிச்செல்விக்குக் கொடுத்தாள்.

"மவுச நீயே பிடி. நாங்க பின்னால நிக்கோம்."

மாரிச்செல்வி ஏழாவது வரியை மேலே ஏற்றினாள். ஆறு, ஐந்து, நான்கு என்று அது ஒவ்வொரு படியாக ஏறியது. சுடலைமுத்து தன்னை அறியாமல் ஒவ்வொரு படிக்கும் குதிகாலை உயர்த்தினார். சென்னை முதல் வரிக்கு வந்ததும் அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு யோசித்து யோசித்து மற்றவற்றை அடுக்கினாள். அரை மணி நேரக் கல்லூரியைக் கடைசியில் வைத்தாள்.

"இதுவும் இருக்கட்டும்லா, டீச்சர்?"

"கண்டிப்பா இருக்கணும்."

பூட்டுவதற்கான எண் பொன்னுச்சாமியின் போனுக்கு வந்தது. உப்பில் வெடித்துப்போன விரல்களை அந்தப் போன் லேசில் மதிக்காது. வேட்டியில் துடைத்துத் துடைத்துத் தேய்த்தார். நான்காவது தடவைதான் திறந்தது. சுடலைமுத்து வாங்கி, ஒவ்வொரு எண்ணாக, ஏலம் விடுகிறவர் மாதிரி சத்தமாகப் படித்தார். மாரிச்செல்வி பூட்டினாள். மணி நான்கு முப்பத்தெட்டு.



"இப்ப கிடைச்சிருமா, டீச்சர்?" என்றார் பொன்னுச்சாமி.

"தெரியாது, அண்ணாச்சி. அந்த ஓரத்துலதான் இவ ரேங்க் இருக்கு. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சென்னை இல்லன்னா அடுத்தது."

அவர் தலையாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"சென்னையில குடிதண்ணி நல்லா இருக்குமா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அதெல்லாம் பாத்துக்கிடலாம், அண்ணாச்சி."

மாரிச்செல்வி செருப்பை மாட்டினாள். "வாரேன் மாமா," என்று சுடலைமுத்துவின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு அப்பாவின் பின்னால் நடந்தாள். இருவரும் ரோட்டைத் தாண்டிப் போவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பிள்ளை அப்பாவிடம் என்னவோ சொல்லிக்கொண்டு போனாள். காலையில் வந்தபோது அவள் இத்தனை பேசவில்லை.

உள்ளே இன்னும் நான்கு பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஜெசிந்தா அடுத்த பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"டீச்சர்," என்றார் சுடலைமுத்து.

"சொல்லுங்க."

"அந்தப் பிள்ள இனி ராவும் பகலும் சென்னையவே நெனச்சுக்கிட்டுக் கெடக்கும். ஆசைய நாமளே கிளப்பி விட்டுட்டோம். ஒருவேள அவங்க இல்லன்னு சொல்லிட்டா?"

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"சொல்லட்டும், அண்ணாச்சி. இல்லன்னு சொல்லுதது அவங்க வேலை. அதையும் நாமளே செஞ்சு குடுக்கணுமா?"