துறையில் காத்திருந்த மீன்கூடை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் அகலமான ஆறு ஒன்று ஓடியது. ஆற்றின் நடுவே நாணல் சூழ்ந்த திட்டு ஒன்று இருந்தது. திட்டுக்கும் கரைக்கும் இடையே வரிசையாகப் பாறைகள் கிடந்தன. அவற்றின் மேல் தாவித் தாவி யாரும் போகலாம், வரலாம். கரை நெடுக முள்மூங்கில் என்பதால் ஏறவும் இறங்கவும் ஒரே ஒரு துறைதான்.

குழந்தைகளே, அந்தத் திட்டில் அஞ்சலை என்றொரு நீர்நாய் இருந்தது. உழைப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. விடிந்ததும் ஆற்றில் குதிக்கும். கெண்டையும் கெளுத்தியுமாகப் பிடித்துக் கோரைக்கூடையில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் கரைக்குப் போய்விடும். அங்கே காட்டுப்பூனை காத்திருக்கும். காட்டுப்பூனைக்கு மீன் என்றால் உயிர். தண்ணீர் என்றால் நடுக்கம். அது மீனை வாங்கிக்கொண்டு, கரடியிடம் வாங்கிவைத்த தேனையும் கிழங்கையும் கொடுக்கும். அஞ்சலை அவற்றைத் திட்டுக்குக் கொண்டுவந்தால்தான் அங்குள்ள முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் வாய் இனிக்கும், வயிறு நிறையும்.

அந்தக் காலத்தில் திட்டும் கரையும் ஒரே கூட்டு. துறையில் யாரையும் யாரும் நிறுத்துவதில்லை. பாதையில் விழும் முள்ளை எல்லாரும் சேர்ந்து அள்ள வேண்டும். எந்தச் சட்டமானாலும் நாவல் மரத்தடியில் கூடிப் பேசித்தான் போட வேண்டும். அந்தப் பேச்சு இலேசில் முடியாது. வாழைப்பழம் எவ்வளவு பழுத்தால் பழம் என்று முடிவு செய்வதற்குள் ஒரு மழைக்காலமே ஓடிவிட்டது.

அஞ்சலைக்கு ஒரு மனக்குறை இருந்தது. அதன் தங்கை பவளம் கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தது. பவளத்தின் கணவன் சுழியன் ஒரு குறும்புக்கார நீர்நாய். தினமும் திட்டைச் சுற்றியுள்ள ஆழத்துக்கே வந்து மீன் பிடிக்கும்.

"மாப்பிள்ளை, உங்கள் கரையோரம் மீனே இல்லையா?" என்று அஞ்சலை கேட்கும்.

"இருக்கிறது மதினி. ஆனால் உங்கள் பக்கத்து மீன்தான் கொழுகொழுவென்று இருக்கிறது" என்று சொல்லி, அஞ்சலையின் மூக்குக்கு நேரே ஒரு கெண்டையைக் கவ்விக்கொண்டு போகும்.

அஞ்சலைக்கு மீசை துடிக்கும்.

திட்டில் சிங்காரம் என்று ஒரு மயிலும் இருந்தது. பெருமை அதன் குணம். திட்டின் மேல் அதற்கு உண்மையாகவே உயிர். ஒருநாள் அது எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசியது.

"திட்டு நம்முடையது! நம் பழம் எப்போது பழுக்கும் என்று கரைக்காரர்கள் ஏன் சொல்ல வேண்டும்? அவர்கள் பாதை முள்ளை நாம் ஏன் அள்ள வேண்டும்? அங்கிருந்து மந்திகள் வந்து நம் அத்திமரத்தில் ஏன் ஏற வேண்டும்? கூட்டிலிருந்து விலகுவோம். விலக நினைப்பவர்கள் மேட்டில் நில்லுங்கள். சேர்ந்திருக்க நினைப்பவர்கள் மணலில் நில்லுங்கள்."

பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் மேட்டில் ஏறினார்கள். அஞ்சலையும் ஏறியது.

மணலில் நின்ற முயல், "அஞ்சலை அக்கா, உன் தங்கை அந்தப் பக்கம் இருக்கிறதே!" என்றது.

"தங்கை எங்கே போய்விடப் போகிறது? இனி இந்த ஆழத்து மீனெல்லாம் நமக்குத்தான், அதைப் பார்" என்றது அஞ்சலை.

மறுநாள் சுழியன் வழக்கம்போல் நீந்தி வந்தது. சிங்காரம் பாறையில் நின்று தோகையை விரித்தது.

"நில்! இது இனி எங்கள் தண்ணீர்."

சுழியன் அஞ்சலையைப் பார்த்தது. அஞ்சலை தண்ணீரைப் பார்த்தது.

"சரி மதினி" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சுழியன் திரும்பி நீந்திப் போனது.

அன்று போல் அஞ்சலை என்றுமே மீன் பிடித்ததில்லை. கூடை நிரம்பி வழிந்தது. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி துறைக்குப் போனது. துறையில் ஒரு கிளை குறுக்கே கிடந்தது. கிளையின் மேல் தேவாங்கு உட்கார்ந்திருந்தது.

தேவாங்கு நல்லது. ஆனால் நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். கண்ணை மூடித் திறப்பதற்கே அதற்கு வெகுநேரம் ஆகும்.

"வா அக்கா. கூடையைக் கீழே வை. பார்க்க வேண்டும்" என்றது.

"மீன்தானே? என்றும் கொண்டுவருவதுதானே?"

"என்றும் நீ உள்ளாள். இன்று வெளியாள்" என்று சொல்லிவிட்டு, தேவாங்கு முதல் மீனை எடுத்தது. கண்ணைப் பார்த்தது. செவுளை விரித்துப் பார்த்தது. முகர்ந்தது. யோசித்தது. மறுபடியும் முகர்ந்தது. பத்திரமாக இலையில் வைத்துவிட்டு, அடுத்த மீனுக்குக் கையை நீட்டியது. கை கூடைக்குப் போய்ச் சேருவதற்குள் அஞ்சலைக்கு வியர்த்துவிட்டது.

வெயில் ஏறியது. உச்சிக்கு வந்தது. மீன்களின் கண் குழிந்தது.

கிளைக்கு அப்பால் காத்திருந்த காட்டுப்பூனை எட்டி மோந்து பார்த்தது. "அக்கா, இது நேற்று பிடித்ததா?"

"இன்று காலையில் பிடித்தது!"

"வாசனை அப்படிச் சொல்லவில்லையே" என்று காட்டுப்பூனை வருத்தத்தோடு நகர்ந்தது.

அஞ்சலைக்குக் கோபம் பொங்கியது. "எந்த மடையன் போட்ட சட்டம் இது?"

தேவாங்கு தன் பெரிய கண்களால் அதைப் பார்த்தது. "நாம் எல்லாரும் போட்டதுதான் அக்கா. மேல்மலைக் குரங்குகள் கெட்ட காளான் கொண்டுவந்து காட்டுப்பூனைக்கு வயிறு நொந்துபோயிற்றே, அப்போது போட்டது. வெளியாள் கொண்டுவரும் பொருளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விட வேண்டும் என்று நாவல் மரத்தடியில் உரக்கச் சொன்னது நீதான்."

"அப்போது நான் உள்ளே இருந்தேன்."

"ஆமாம்" என்றது தேவாங்கு. அதற்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அஞ்சலை கெட்டுப்போன மீனை ஆற்றில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. கொடுக்க மீன் இல்லாததால் தேன் வரவில்லை, கிழங்கு வரவில்லை. முயல் அக்கரையிலிருந்து வரவழைத்த கீரை துறையில் கிடந்து வாடி, கயிறு மாதிரி வந்து சேர்ந்தது. மந்திகள் வராததால் அத்திப்பழம் பறிப்பாரின்றிக் கீழே விழுந்து அழுகியது. திட்டில் ஏராளமாக இருந்தது மீன் மட்டும்தான். அதைத் தின்னத்தான் ஆள் இல்லை.

"முயல் தம்பி, நீயாவது ஒரு கெண்டையைக் கடித்துப் பாரேன்" என்று அஞ்சலை கெஞ்சியது.

முயல் பயந்துபோய்ப் பத்துத் தும்மல் தும்மியது.

இதற்கிடையில் முதல் மழைக்கு மேகம் திரண்டது. கரைக்காட்டில் மயில்கள் எல்லாம் கூடி ஆடும் நாள். அங்கே சிங்காரத்தின் ஆட்டம்தான் பேச்சு. அது தோகையைச் சீவிக்கொண்டு துறைக்குக் கிளம்பியது.

துறையில் இப்போது இரண்டு வழிகள் இருந்தன. கரைக்காரர்கள் ஒரு வழியில் சடசடவென்று போனார்கள். வெளியார் வழியில் பாறை வரைக்கும் வரிசை நின்றது.

சிங்காரம் வரிசையைத் தாண்டி முன்னால் போனது. "நான் யார் தெரியுமா?"

"தெரியும் ஐயா. நீங்கள் திட்டுக்காரர். அதனால்தான் இந்த வரிசை. பின்னால் போய் நில்லுங்கள்" என்றது தேவாங்கு.

சிங்காரம் தோகை சேற்றில் புரள நின்றது. அதன் முறை வந்தபோது தேவாங்கு, "தோகையில் வெளிவிதை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றது. ஒவ்வொரு இறகாக எடுத்துப் பார்த்தது. பாதி இறகு முடிவதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிட்டது. ஆடி முடித்த மயில்கள் அந்தப் பக்கமாகப் பேசிச் சிரித்தபடி வீட்டுக்குப் போயின.

சிங்காரம் பாறை பாறையாகத் திரும்பி வந்தது.

சில நாள் கழித்து ஒரு மைனா பறந்து வந்து, "அஞ்சலை! பவளம் குட்டி போட்டிருக்கிறது! மூன்று குட்டி!" என்று கத்திவிட்டுப் போனது.

அஞ்சலைக்குக் கை கால் ஓடவில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று கொழுத்த விரால் மீன்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு துறைக்கு ஓடியது. தேவாங்கு முதல் விராலை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தது.

கிளைக்கு அப்பால் பவளமே வந்து நின்றது. மெலிந்திருந்தது.

"அக்கா, மீன் கிடக்கட்டும். நீ வா" என்றது.

அஞ்சலை கூடையைப் பார்த்தது. தங்கையைப் பார்த்தது. கூடையை அப்படியே விட்டுவிட்டுக் கிளையைத் தாண்டி ஓடியது. பின்னால் காக்கைகள் கூடையில் இறங்கும் சத்தம் கேட்டது. அது திரும்பிப் பார்க்கவில்லை.

வளைக்குள் மூன்று குட்டிகளும் கண் திறக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அஞ்சலை குனிந்து அவற்றின் உச்சியை மோந்தது. அப்போது சுழியன் வந்தது. அதன் வாயில் விரல் நீள அயிரை மீன் இரண்டு இருந்தன. அவற்றைப் பவளத்தின் முன் வைத்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அஞ்சலை நாக்கைக் கடித்துக்கொண்டது.

"கரையோரம் இதுதான் மதினி கிடைக்கிறது. உங்கள் பக்கம் மீன் எப்படி?"

"நிறைய இருக்கிறது. தின்ன ஆள்தான் இல்லை."

பவளம் அயிரையை எலும்போடு மென்று தின்றது. அதைப் பார்த்த அஞ்சலை திடீரென்று எழுந்து துறைக்குப் போனது.

"தேவாங்கே, ஒன்று கேட்கிறேன். கரைக்காரர் ஒருவர் ஆற்றில் மீன் பிடித்தால் அது யார் மீன்?"

தேவாங்கு யோசித்தது. மரத்திலிருந்து ஒரு இலை உதிர்ந்து, மிதந்து, தரையில் வந்து உட்கார்ந்தது.

"யார் வாயில் அகப்பட்டதோ, அவர் மீன். கரைக்காரர் பிடித்தால் கரை மீன். அதைச் சோதிக்க வேண்டியதில்லை."

"போதும்" என்று அஞ்சலை திட்டுக்கு நீந்தியது.

சிங்காரம் இன்னும் தோகைச் சேற்றைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

"சிங்காரம், இந்தத் தண்ணீர் நம் தண்ணீர்தானே?" என்று கேட்டது அஞ்சலை.

"சந்தேகமென்ன? நம் தண்ணீர்தான்!"

"நம் தண்ணீருக்குள் யாரைக் கூப்பிடுவது என்பது நம் விருப்பம்தானே? அதைக் கரைக்காரர்கள் சொல்ல முடியாதே?"

சிங்காரம் கழுத்தை நிமிர்த்தியது. "முடியவே முடியாது! நம் விருப்பம்!"

"நல்லது. நான் என் மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறேன்."

சிங்காரத்தின் அலகு திறந்தது திறந்தபடியே நின்றது. பிறகு மெல்ல மூடியது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "தேன் வருமா?" என்று கேட்டது.

"வரும்."

"அந்த வரிசை?"

"அது இருக்கும். அதற்கு நாவல் மரத்தடிக்குப் போய்ப் பேச வேண்டும். நாமாகப் போக வேண்டும், சிங்காரம்."

"யோசிக்கிறேன்" என்றது சிங்காரம். அதன் வாயில் அந்தச் சொல் வந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டு அஞ்சலை சுழியனைக் கூப்பிடப் போனது.

மறுநாள் காலை சுழியன் ஆழத்துக்கு வந்தது. அஞ்சலை அடியில் மூழ்கி மீன்கூட்டத்தை விரட்டியது. சுழியன் மேலே காத்திருந்து கவ்வியது. கூடை நிறைந்ததும் இரண்டும் துறைக்குப் போயின.

"யார் பிடித்தது?" என்றது தேவாங்கு.

"நான்" என்றது சுழியன்.

"விரட்டியது?"

"என் மதினி."

தேவாங்கு ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. "விரட்டுவதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. போங்கள்."

மீன் துள்ளத் துள்ளக் கரையேறியது. காட்டுப்பூனை ஆனந்தத்தில் வாலை விறைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. தேனிலும் கிழங்கிலும் அஞ்சலை தன் பங்கை வாங்கிக்கொண்டது. முன்பு கிடைத்ததில் அது பாதிதான். பவளம் ஒரு விராலை முழுசாகத் தின்றுவிட்டு அக்காவின் மேல் சாய்ந்து தூங்கியது. குட்டிகள் அஞ்சலையின் வயிற்றில் ஏறி உருண்டன.

வெயில் சாய்ந்த பின் வெளியாள் யாரும் கரையில் தங்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது. வளை வளையாகப் போய், வந்தவர்களைக் கூப்பிட்டு அனுப்புவது தேவாங்கின் வேலை. வெயில் சாய்ந்தது. தேவாங்கு கிளையை விட்டு இறங்கிப் பவளத்தின் வளையை நோக்கிக் கிளம்பியது.

அன்று அது வழக்கத்தைவிட மிக மெதுவாக நடந்தது.

நீதி: கூடி வாழ்வதன் தொல்லை தினமும் கண்ணில் படும், அதன் அருமை பிரிந்த பிறகுதான் தெரியும்.