சர்க்கரைப் பூனைக்குச் சென்னைச் சவாரி

ஆவுடையப்பன் சொல்வதில் பாதியைத் தள்ளி, மீதியில் பாதியைக் கழித்து, எஞ்சியதை நாலு பேரிடம் விசாரித்துப் பார்த்தால், அவர் பெயர் ஆவுடையப்பன் என்பது மட்டும் உண்மையாக நிற்கும். தென்காசி கார் ஸ்டாண்டில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், அவர் வாயைத் திறந்தால் பக்கத்துக் கடையில் ஆற்றுகிற டீகூட அந்தரத்தில் நின்று கேட்டுவிட்டுத்தான் கிளாசில் விழும்.

அது புரட்டாசி மாதம். குற்றாலத்தில் சீசன் முடிந்து, அருவியில் தண்ணீரும் ஸ்டாண்டில் சவாரியும் சேர்ந்தே வற்றிப்போயிருந்தன. ஆவுடையப்பனுக்கு மனசு முழுக்கச் சென்னையில் கிடந்தது. மகள் தாம்பரத்தில் குடியிருக்கிறாள். பேரன் தத்தக்கா புத்தக்கா என்று நடக்கத் தொடங்கிவிட்டானாம், காலையில்தான் போன் வந்தது. சும்மா போய்வர டீசலுக்கு எங்கே போவது? ஒரு சென்னைச் சவாரி மட்டும் அமைந்துவிட்டால், பார்ட்டியை இறக்கிவிட்டு, பேரனை நடக்கவிட்டுக் கண்குளிரப் பார்த்துவிட்டு வரலாம். அந்த ஏக்கத்தில் காலையிலிருந்து ஒரு பொய்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

அந்த நேரம் பார்த்து ஜெபமணி டீச்சர் வந்து சேர்ந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் மைனர். செம்பட்டை நிறத்தில், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத கடுவன் பூனை.

"சென்னைக்கு வண்டி வேணும். எனக்குக் கண் ஆபரேஷன், மகன் வீட்டுக்குப் போறேன். இவனுக்குச் சுகர். ரெண்டு நேரமும் சாப்பாடு குடுத்து இன்சுலின் ஊசி போடணும். என்னை விட்டா இவனுக்கு ஊசி போட ஆளில்ல, அதனால கூடவே வாறான். அடிக்கடி ஒண்ணுக்குப் போவான். நான் சொல்ற இடத்துல நிறுத்தணும். யாரு வாறீங்க?"

ஸ்டாண்டுக்கென்று ஒரு முறை உண்டு. வரிசையில் முதலில் நிற்கிற வண்டிக்குத்தான் சவாரி. ஆனால் பார்ட்டியே, "எனக்கு இவர்தான் வேணும்" என்று தன் வாயால் வேறொருவரைக் கேட்டுவிட்டால், முதல் வண்டிக்காரர் முகம் சுளிக்காமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு முதலில் நின்றது மீரான் வண்டி. மீரான் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனாலேயே பல சவாரியைக் கோட்டை விட்டவர்.

"பூனையெல்லாம் நமக்குப் பழக்கமில்ல டீச்சர். சீட்டுல போயிருமோன்னுதான் யோசனையா இருக்கு" என்றார் மீரான், தலையைச் சொறிந்துகொண்டே.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஆவுடையப்பன் பாய்ந்து வந்தார்.

"சர்க்கரைப் பூனையா டீச்சர்? நேரா என்கிட்டல்லா வந்திருக்கணும்! சிவகிரிப் பக்கம் ஒரு பண்ணையார் வீட்டுப் பூனையை இதே வண்டியில சென்னைக்குக் கொண்டுபோனவன் நான். அதுக்கும் சுகர்தான். ஒண்ணுக்கு வந்தா முன்னங்காலைத் தூக்கி என் தோள்ல ஒரு தட்டு தட்டும். உடனே நிறுத்தணும். அதுவும் கண்ட இடத்துல இறங்காது. பெட்ரோல் பங்க் வேணும். இறங்கிப் போய்ப் பாக்கும், கக்கூஸ் சுத்தமில்லன்னா மூக்கைச் சுளிச்சிக்கிட்டுத் திரும்பி வந்து ஏறிரும். அடுத்த பங்க் வரைக்கும் அடக்கிக்கிட்டே வரும் பாத்துக்கிடுங்க."

"ஆம்பளைப் பக்கம் போகுமா, பொம்பளைப் பக்கம் போகுமா அண்ணாச்சி?" என்று கேட்டான் குத்தாலிங்கம். ஸ்டாண்டிலேயே வயதில் சின்னவன், வாயில் பெரியவன்.

"போர்டைப் படிச்சிட்டுத்தான்டே போகும்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. ஆவுடையப்பனுக்கு அது போதுமே.

"அது கிடக்கட்டும் டீச்சர், நம்ம ரோட்டுல சர்க்கரை வியாதிக்காரனைக் கூட்டிட்டுப் போறது லேசுப்பட்ட காரியமா? ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டணும்லா! ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பால்கோவா. வாசனையை மோந்து பாத்ததுக்கே பூனைக்கு சுகர் நானூறுக்கு ஏறிட்டு. கண்ணாடியை ஏத்தினேன். அந்த வாசனை விடுமா? வண்டிக்குப் பின்னாலயே துரத்திட்டு வருது. நான் நூறுல போறேன், வாசனை நூத்திப்பத்துல வருது."

"அப்புறம் எப்படிவே தப்பிச்சீரு?" மீரானுக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது.

"எதிர்ல ஒரு பஸ்சு வந்துது. ஸ்டீயரிங்கை லேசா ஒடிச்சு அதை ஒட்டி விட்டேன். வாசனை தடுமாறி அந்தப் பஸ்சுல ஏறி ராஜபாளையம் போயிட்டு. கண்டக்டர் அதுக்கு டிக்கெட் போட்டதாக் கேள்வி."

டீச்சர் கூடையை இடுப்பிலிருந்து இறக்கிப் பெஞ்சில் வைத்தார். "ஏறினது சரி. சுகர் இறங்கிப்போனா என்ன செய்வீங்க? ஊசியைப் போட்டுட்டு இவன் சாப்பிடலன்னா மயங்கிருவான்."

"அதையேன் கேக்கீங்க! மேலூர் தாண்டி அதுவும் நடந்துது. ஊசி போட்டாச்சு, பூனை சோத்தை மோந்துகூடப் பாக்கல. கொஞ்ச நேரத்துல தலை தொங்கிட்டு. இறங்கினா உடனே இனிப்பு குடுக்கணும்லா? வண்டியில ஒரு பொட்டுச் சீனி கிடையாது. முன்னால ஒரு கரும்பு லாரி போகுது. பக்கத்துல சேத்து ஓட்டினேன். வலது கையில ஸ்டீயரிங். இடது கையை அந்தப் பக்கத்து ஜன்னல் வழியா நீட்டி ஒரு கரும்பை உருவினேன். முழுக் கரும்பு. அப்படியே உள்ளங்கையில வச்சு ஒரு முறுக்கு. ரெண்டு சொட்டு வாயில விழுந்துது. பூனை எந்திரிச்சு உக்காந்து, 'போதும்'னு கையைக் காட்டிட்டு."

"அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு எட்ட உம்ம கை என்ன அஞ்சு முழமா?" என்றார் மீரான்.

"அப்போ நீளமாத்தான்வே இருந்துது. கல்யாணத்துக்கப்புறம்தான் சுருங்கிட்டு."

ஸ்டாண்டே குலுங்கியது. டீச்சர் உதட்டோரத்திலும் லேசாக ஒரு சிரிப்பு. புளுகோ கிளுகோ, சுகர் இறங்கினால் இனிப்பு கொடுக்க வேண்டும் என்பதாவது இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பூனை மயங்கினால் பதறுகிற ஆளாகவும் இருக்கிறார். "சரி" என்று கூடையைத் தூக்கினார். "எனக்கு..."

அந்த "எனக்கு" காதில் விழுந்ததுமே ஆவுடையப்பன் தாம்பரம் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தள்ளாடி வருகிறான். இன்னும் ஒரே வார்த்தை. அதுவரை வாயை மூடிக்கொண்டு நின்றால் சவாரி கையில். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

குத்தாலிங்கம் சும்மா இருந்தானா? "ஏன் அண்ணாச்சி, இம்புட்டுப் பாடுபட்டுட்டு, மத்தியானம் சாப்பாடும் ஆனா கண்ணு சொக்கிருக்குமே. எப்படிச் சென்னை வரைக்கும் ஓட்டினீங்க?"

'டீ குடிச்சேன்' என்று சொல்லியிருக்கலாம். முகம் கழுவினேன் என்றிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் நாக்கு அவருக்கு முந்திக்கொண்டது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"நான் எங்கடே ஓட்டினேன்? விழுப்புரம் தாண்டினதும் பூனைதான் ஓட்டிச்சு! நான் பின் சீட்டுல குறட்டை. டிரைவர் சீட்டுல தலகாணியை வச்சு ஏறி உக்காந்துக்கிட்டு, ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு ஹாரன் கிடையாது. டோல்கேட்டுல ஆளு குனிஞ்சு பாத்துட்டு சல்யூட் அடிச்சான். ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினதும் அதுதான். எனக்கே அப்படி வராது பாத்துக்கிடுங்க!"

டீச்சர் கூடையை மறுபடியும் பெஞ்சில் வைத்தார். தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார்.

"ஆவுடையப்பன், ஒரு சந்தேகம். சுகர் உள்ள பூனையே சென்னைக்குக் கார் ஓட்டுமுன்னா, நான் எதுக்கு டிரைவர் வச்சுக்கிட்டுப் போகணும்? சாவியை இவன் கையில குடுங்க. நீங்க இங்கேயே நிம்மதியா இருங்க."

டீ கிளாசில் விழுந்தது. ஆவுடையப்பனுக்கு வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு பொய்யும் கைகொடுக்கவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாயே தட்டிவிட்டுவிட்டது.

"மீரான், சீட்டுல விரிக்க ரப்பர் ஷீட்டு கொண்டு வந்திருக்கேன். வண்டியை எடுங்க" என்று டீச்சர் நடந்தார்.

"சாவியைக் குடுத்துத்தான் பாத்திருக்கலாம்லா அண்ணாச்சி?" என்றான் குத்தாலிங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"குடுத்திருப்பேன்டே. பண்ணையார் பூனைக்கு லைசென்சு இருந்துது. இது இன்னும் எல்எல்ஆர்கூடப் போடல."

சொன்னாரே தவிர, அழுகைகூட வந்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் தன் வண்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மீரான் வண்டியை மெதுவாக உருட்டி வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினார். பின்சீட்டில் ரப்பர் ஷீட்டின்மேல் மைனர் பண்ணையார் தோரணையில் உட்கார்ந்திருந்தான்.

"வே, தாம்பரம் வழியாத்தான் போறேன். உம்ம பேரனை ஒரு எட்டு பாத்துட்டு வரட்டுமா?"

ஆவுடையப்பன் குனிந்து மீரான் வண்டி ஜன்னலில் கையை ஊன்றினார். "பாத்துட்டு வாரும்வே. வந்து, கூட்டாம குறைக்காம, உள்ளதை உள்ளபடி சொல்லும். நெசமாவே நடக்கானா, இல்ல மக சும்மா சொல்லுதாளான்னு."

மீரான் கியரைப் போட்டார். பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொல்லி அறியாத மனிதர்.

"நடக்கதா? உம்ம பேரன்லாவே! நான் போய்ச் சேருததுக்குள்ள எதிர்ல லாரி ஓட்டிட்டு வருவான்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.