இடம் பிடிச்ச துண்டு

சத்தியம்! அடிச்சுச் சொல்றேன், சத்தியம்! நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, இந்த ரயில் இந்த நிமிஷமே நிக்கட்டும்!

நின்னுருச்சா? அது சிக்னலுக்கு நிக்குது கண்ணு, அதையெல்லாம் கணக்குல சேர்க்கக்கூடாது. பாரு, கிளம்பிருச்சு. போர்வையை இழுத்துப் போத்திக்கோ. நான் நிறுத்துற இடத்துல நீ 'ம்' போடணும். 'ம்' வரலைன்னா கதை அங்கேயே இறங்கிப் போயிரும்.

ஒரு ஊர்ல ஒரு துண்டு இருந்துச்சு.

ஆள் எங்கேங்கிறியா? ஆள் வருவான். துண்டுதான் எப்பவும் முதல்ல போகும்.

ஊரு தரங்கம்பாடி. துண்டுக்குச் சொந்தக்காரன் பேரு பக்கிரிசாமி. ஐஸ் கம்பெனியில வேலை. துண்டு போட்டு இடம் பிடிக்கிறதுல அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி திரும்புறப்பவே பத்தடி தள்ளி நின்னு விசிறுவான். விஷ்ஷ்ஷ்... ஜன்னல் கம்பிக்கு நடுவுல நுழைஞ்சு, மூணாவது சீட்டுல இஸ்திரி போட்டாப்ல படுத்துக்கும். ஒரு தடவை காத்து பலமா அடிச்சப்போ, அவன் போட்ட துண்டு ஒரு பஸ்ல நுழைஞ்சு, அந்தப் பக்கமா வெளிய வந்து, அடுத்த பஸ்ல போயி இடம் பிடிச்சுது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

ம்?

அவன்கிட்ட இன்னொரு பழக்கம். அடுத்தவன் துண்டு கிடந்தா அந்த இடத்துல உக்காரவே மாட்டான். கால் ஒடிஞ்சாலும் நின்னுக்கிட்டே வருவான். 'நான் போட்ட துண்டை நாலு பேரு மதிக்கிறாங்க, அப்ப நாலு பேரு துண்டை நான் மதிக்கணும்ல?'ம்பான். துண்டை உத்துப் பார்க்கிறதுகூடத் தப்பும்பான்.

அப்புறம் அவனுக்குக் கல்யாணம் வந்துச்சு. பொண்ணு பேரு குமுதவல்லி. தஞ்சாவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். முகூர்த்தம் காலையில ஒன்பதுல இருந்து பத்தரைக்குள்ள. சொந்தபந்தம் எல்லாம் முதல் நாளே வேன்ல போயாச்சு. மாப்பிள்ளை மட்டும் பின்தங்கிட்டான். ஏன்னா, தாலி செய்யுற ஆசாரி 'இதோ ஆச்சு, இதோ ஆச்சு'ன்னு இழுத்து, விடியக்காலையிலதான் கையில கொடுத்தாரு.

தாலியை எங்க வைக்கிறது? ஜேப்புல வெச்சா பிக்பாக்கெட் அடிப்பான். பையில வெச்சா பையையே தூக்கிட்டுப் போயிருவான். பக்கிரிசாமி யோசிச்சான். 'இடம் போட்ட துண்டை எவனும் தொடமாட்டான், அதைவிட பத்திரம் எது?' துண்டு முனையில தாலியை வெச்சு இறுக்கி முடிச்சுப் போட்டான். காத்துல பறக்காம இருக்க, கல்யாணப் பத்திரிகை ஒண்ணையும் உள்ள வெச்சு மடிச்சான். மாயவரம் பஸ் உள்ள வந்துச்சு. விஷ்ஷ்ஷ்... மூணாவது சீட்டு.

அப்புறம் என்ன அவசரம்? டீ குடிக்கப் போயிட்டான். டீயை ஒரு ஆத்து ஆத்தறான், பின்னால புர்ர்ர்ருன்னு சத்தம். திரும்பிப் பார்த்தா பஸ் போகுது. துண்டு போகுது. தாலி போகுது. மாப்பிள்ளை மட்டும் கையில டீ கிளாஸோட நிக்கறான்.

ம்?

ஓடினான். தபதபதபன்னு ஓடினான். ஒரு செருப்பு பொறையார்ல கிடந்துச்சு, இன்னொண்ணு எங்கேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அப்போ அவன் கம்பெனி ஐஸ் லாரியே பின்னால வந்துச்சு. ஐஸ்கட்டி மேல ஏறி உக்காந்தான். மண்டபம் போய்ச் சேர்ற வரைக்கும் அவன் உக்காந்தது அது ஒண்ணுதான்.

இங்க பஸ்ல, துண்டுக்குப் பக்கத்து சீட்டுல கருவாட்டுக்கார அஞ்சம்மா. தஞ்சாவூர்ச் சந்தைக்குக் கூடையோட கிளம்பினவ. துண்டு போட்டவன் டீக்கடைக்குப் போற முதுகைத்தான் பார்த்தா, மூஞ்சியைப் பார்க்கல. ஒரு தடித்த ஆளு வந்து உக்காரப் பார்த்தாரு.

"துண்டு கண்ணுல படல? ஆள் வருது!"

"எங்கம்மா வருது? பஸ் கிளம்பி அரை மணி நேரம் ஆச்சு."

"டீ குடிக்கப் போயிருக்காரு. வருவாரு."

மாயவரம் வந்துச்சு. எல்லாரும் இறங்கியாச்சு, ஆள் மட்டும் வரல. அஞ்சம்மா துண்டைப் பிரிச்சா, உள்ள பத்திரிகை. கண்டக்டரைப் படிக்கச் சொன்னா. தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணம். முனையில முடிச்சு. அடுத்தவங்க முடிச்சை அவிழ்க்கிறதாவது? அவ சொன்னா, "இந்த மனுஷன் ரயிலுக்குத்தான் வருவாரு. வர்றதுக்குள்ள இடம் போயிருமே!" துண்டையும் கூடையையும் தூக்கிக்கிட்டு ஜங்ஷனுக்கு ஓடினா. பாசஞ்சர் ரயில்ல ஏறி, தனக்கு எதிர் சீட்டுல துண்டை விரிச்சா. முடிச்சு உறுத்தக்கூடாதுன்னு அதை அடியில தள்ளிட்டா.

பத்து நிமிஷம் கழிச்சு ஐஸ் லாரி வந்துச்சு. பக்கிரிசாமி பஸ்ஸைத் தேடிப் போனான். மூணாவது சீட்டு மொட்டையாக் கிடக்கு.

"இங்க ஒரு துண்டு..."

"அதுவா? எடுத்துட்டுப் போயாச்சே," அப்படின்னாரு கண்டக்டர், டிக்கெட்டை எண்ணிக்கிட்டே.

அவ்வளவுதான். தாலி திருட்டுப் போச்சுன்னே முடிவு பண்ணிட்டான். ஆனாலும் குமுதவல்லி மணையில உக்காந்து காத்திருப்பாளே, நேர்ல போயிச் சொல்லாம இருக்கலாமா? அப்போ ரயில் கூ...ன்னு கூவுச்சு. ஓடிப்போயி கடைசிப் பெட்டியில தொத்திக்கிட்டான்.

பெட்டியில நிக்க இடம் இல்ல. ஆனா ஒரே ஒரு சீட்டு காலி. அதுல ஒரு வெள்ளைத் துண்டு. நாட்டுல எல்லாத் துண்டும் வெள்ளைத் துண்டுதானே கண்ணு?

"யாராச்சும் வர்றாங்களாம்மா?"

"ஆள் வருது," அப்படின்னா அஞ்சம்மா. "உக்காராதீங்க தம்பி."

"சேச்சே, உக்காரமாட்டேன்மா. நமக்குத் தெரியாதா?"

அப்புறம், தடக் தடக், தடக் தடக்... கும்பகோணம் போச்சு. பாபநாசம் போச்சு. தாலி போச்சேன்னு யார்கிட்டயும் சொல்ல வெட்கம். வாயைத் திறக்காம, தன் துண்டுக்குப் பக்கத்துலேயே, தன் தாலிக்கு ஒரு முழம் தள்ளி நின்னுக்கிட்டே வந்தான். நடுவுல ஒருத்தன் துண்டை நகர்த்தப் பார்த்தப்போ, "அண்ணே, ஆள் வருது, கையை எடுங்க"ன்னு சண்டை போட்டதும் அவன்தான்.

ம் சொல்லு. தூங்கிட்டியா? ம்.

தஞ்சாவூர்ல இறங்கினான். மினி பஸ். உள்ள தலையை நீட்டினா ரயில்ல பார்த்த அதே அம்மா, பக்கத்து சீட்டுல அதே துண்டு. கல்யாணம் எந்த ஊருன்னு மாயவரம் பஸ் கண்டக்டர் படிச்சிருந்தாரே, அவ சந்தையையே மறந்துட்டா. பக்கிரிசாமிக்கு மனசு இளகிப்போச்சு. 'ஐயோ பாவம், என்னைவிட லேட்டா ஒரு மனுஷன் இன்னும் பின்னால வந்துக்கிட்டு இருக்கானே'ன்னு நினைச்சுக்கிட்டே, பின்னால ஏணியில தொங்கினான். ரோடு பூரா பள்ளம். டமால் டுமீல், டமால் டுமீல்.

மண்டபம் வந்தப்போ மணி பத்து பத்து. அத்தைமாருங்க பாய்ஞ்சு வந்து, இழுத்துட்டுப் போயி, ஒரு குடம் தண்ணியை ஊத்தி, பட்டு வேட்டியைச் சுத்தி விட்டாங்க. "தாலி எங்கடா?"ன்னு அக்கா கேட்டா. "மேடையில சொல்றேன்"னான்.

அதுக்குள்ள அஞ்சம்மா மண்டபத்துக்குள்ள போயிட்டா. "ஆள் வர்றதுக்குள்ள ஒரு இடம் பிடிச்சு வைப்போம்"னு சுத்திப் பார்த்தா. நாற்காலி எல்லாம் நிறைஞ்சிருந்துச்சு. காலியாக் கிடந்தது ஒரே ஒரு இடம். மேடையில, பொண்ணுக்குப் பக்கத்துல, மாப்பிள்ளை மணை. விரிச்சுட்டா.

பக்கிரிசாமி மேடைக்கு வந்தான். மணையைப் பார்த்தான். நின்னுட்டான்.

"உக்காருங்கோ மாப்பிள்ளை, நேரமாறது," அப்படின்னாரு ஐயரு.

"எப்படி சாமி உக்கார்றது? யாரோ துண்டு போட்டிருக்காங்களே."

நாதஸ்வரக்காரர் பீப்பீ... ன்னு பாதியில நிறுத்திட்டாரு. மாமனாருக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. "யார்யா துண்டு போட்டது?"

கூட்டத்துல இருந்து ஒரு குரல். "ஆள் வருது! டீ குடிக்கப் போயிருக்காரு!"

மணி பத்து இருபது. பத்து இருபத்தஞ்சு. மாப்பிள்ளை நிக்கறான். ஐயரு நிக்கறாரு. ஊரே எழுந்து நிக்குது. இன்னும் அஞ்சு நிமிஷத்துல முகூர்த்தம் போயிரும்.

அப்போ குமுதவல்லி தலையை நிமிர்த்தினா.

"ஏங்க, அந்த ஆள் சாயங்காலம் வந்தா, சாயங்காலம் வரைக்கும் நிப்பீங்களா?"

"அடுத்தவங்க துண்டு ஆச்சே..."

"நகருங்க"ன்னு துண்டை முனையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா பாரு! காலையில இருந்து பஸ்லயும் ரயில்லயும் குலுங்கின முடிச்சு. அவிழ்ந்து, முன்னால இருந்த தேங்காத் தட்டுல... கிணிங்!

மஞ்சக் கயிறு. தாலி.

பக்கிரிசாமி குனிஞ்சு, ஆயுசுல முதல் தடவையா ஒரு துண்டை உத்துப் பார்த்தான். "அட, இது என் துண்டு"ன்னான்.

"வந்துட்டாரா ஆளு?" அப்படின்னா அஞ்சம்மா. "எவ்வளவு நேரம்யா டீ குடிப்பே?"

பீப்பீ டும்டும், பீப்பீ டும்டும்! பத்து இருபத்தொன்பதுக்குத் தாலி கட்டியாச்சு. பந்தியில முதல் இலை அஞ்சம்மாவுக்கு. "பத்திரிகை என் கைக்கு வந்துச்சு, அப்ப எனக்கும் அழைப்புதான்"னு ரெண்டு தடவை பாயசம் வாங்கிக் குடிச்சா. அன்னையில இருந்து குமுதவல்லி எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மாசம் முன்னாடியே ரிசர்வ் பண்ணிருவா. துண்டை அவனைத் தொடவிடறதே இல்ல.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்கிறியா? நானும் அந்தக் கல்யாணத்துல இருந்தேனே. எந்த நாற்காலியில உக்காந்திருந்தேனா? எங்க உக்கார்றது கண்ணு. நான் நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.

கதை போய்ச் சேர்ந்துருச்சு. நீயும் தூக்கத்துல போயி ஒரு இடம் பிடிச்சுக்கோ. காலையில யாராச்சும் கேட்டா, கதை தெரியும்னு மட்டும் சொல்லு, யார் சொன்னதுன்னு சொல்லிராதே. அதுலயும் மேல் பெர்த்துல தூங்கறாளே உன் ஆச்சி, அவகிட்ட மூச்சு விட்டுராதே.