மரகதம் காத்த மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ஒன்றாவது இருக்கிறதென்று ஒத்துக்கொள்கிறார்களே என்று நாங்களும் சந்தோஷப்பட்டுக்கொள்வோம். மூத்தவர் நாச்சிமுத்து, இளையவன் குழந்தைவேலு, நடுவில் நான், சென்னியப்பன். இது என் கல்யாணக் கதை.

எனக்குப் பெண் கொடுக்க முன்வந்தவர் காங்கேயத்தில் கல் வியாபாரம் செய்யும் ஏகாம்பரம் மாமா. ஏன் முன்வந்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. நிச்சயதார்த்தத்தன்று ஒரு மரகத மோதிரத்தை என் விரலில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"மாப்பிள்ளை, இது பூமியில விளைஞ்ச கல்லு. உள்ளார பாசி படர்ந்தாப்பல கோடு தெரியும். துளி மாசில்லாம பளபளன்னு இருந்தா அது பெரும்பாலும் கண்ணாடி. நிறம்தான் இதுக்கு விலை. சுடுதண்ணி, சோப்பு ஆகாது. இடி படவே கூடாது. எப்பவாச்சும் லேசா எண்ணெய் காட்டுங்க. கல்யாணத்தன்னிக்கு இது இப்படியே உங்க விரல்ல இருக்கோணும். ஒரு கல்லைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு நான் எம்பொண்ணைக் கொடுக்க மாட்டேன்."

பெண் பேர் அங்கயற்கண்ணி. அவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறே இறங்கவில்லை. மூன்று வேளைதான் சாப்பிட்டேன். கல் போனால் அவளும் போனாள்.

முதலில் நிறத்தைக் கவனித்தோம். எவ்வளவு பச்சை என்று தெரிய வேண்டாமா? தம்பி வரப்பிலிருந்து ஒரு பிடி அருகம்புல் பிடுங்கிவந்து என் விரலுக்குப் பக்கத்தில் வைத்தான். மோதிரத்தைக் கழற்ற யாருக்கும் தோன்றாததால் ஐந்து நாளும் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் புல்தான் ஜெயித்தது. மூன்றாம் நாள் இரண்டும் சமம். ஐந்தாம் நாள் புல் பழுத்துக் கிடக்க, கல் பச்சைப்பசேல் என்று இருந்தது.

"கல்லுக்கு நிறம் ஏறுதுடா!" என்றார் அண்ணன். "விலை எங்கியோ போயிரும்."

"இன்னும் ஒரு வாரம் விட்டுப் பார்ப்பமா?" என்றான் தம்பி.

"வேண்டாம். ரொம்ப ஏறிட்டா மாமா திருப்பிக் கேட்டுருவாரு" என்றேன் நான்.

உடனே புல்லை எருமைக்குப் போட்டோம். கல்லுக்கு நிறம் ஏறுவது அத்தோடு நின்றது.

அடுத்தது எண்ணெய். இதில்தான் சிக்கல்.

"எண்ணெய் தேய்க்கறதுக்கு ஆம்பளைன்னா சனிக்கிழமை, பொம்பளைன்னா வெள்ளிக்கிழமை. இது என்ன, ஆம்பளைக் கல்லா, பொம்பளைக் கல்லா?" என்று கேட்டார் அண்ணன்.

பூதக்கண்ணாடியை வைத்து அரை நாள் பார்த்தோம். மாமா சொன்ன பாசி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"உள்ளுக்குள்ள அத்தனையும் கோளாறா இருக்குதுங்கண்ணா. அப்ப ஆம்பளைதான். நம்மளையே பாருங்க" என்றான் தம்பி.

சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் முழுக்காட்டி, சளி பிடிக்காமலிருக்கச் சாம்பிராணி போட்டோம். எண்ணெய்க் குளியல் அன்று பகலில் தூங்கக்கூடாதல்லவா?

"கல்லு தூங்குதான்னு எப்படிங்கண்ணா கண்டுபிடிக்கறது?"

"குறட்டை விட்டாத் தெரிஞ்சிரும்டா."

மத்தியானம் குறட்டைச் சத்தம் கேட்டது. நானும் தம்பியும் பதறிப்போய்க் கல்லை அதட்டி எழுப்பினோம். அண்ணன் எழுந்தார்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் நெரிசலான நெரிசல். கல்லில் எவனாவது இடித்துத் தொலைத்தால்? வலது கையை ஒரு தலையணைக்குள் நுழைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தேன்.

"தாலியைக் கட்டுங்கோ" என்றார் ஐயர்.

இடது கையில் வாங்கிக்கொண்டு விழித்தேன்.

"இன்னொரு கை எங்கே?"

"அதுல கல்லு இருக்குதுங்க சாமி."

முகூர்த்தம் முடிய ஐந்தே நிமிடம். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அதை அவுத்துத் தொலைங்க மாப்பிள்ளை!"

"அவுத்து இடி பட்டுட்டா பொண்ணு இல்லைன்னு சொன்னது நீங்கதானுங்களே" என்றான் தம்பி, ரொம்பப் பணிவாக.

"சரி, நான் ஒரு கை கொடுக்கறேன்" என்று அண்ணன் முன்னால் வந்தார்.

"அப்பப் பாதிப் பொண்டாட்டி உங்களுக்குங்களா?" என்று கேட்டேன் நான்.

அண்ணன் நின்று யோசித்தார். அண்ணி பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டுக் கல்லைக் காப்பாற்றியும் அவள் கிடைக்கமாட்டாளோ?

"அழாம கொஞ்சம் குனியுங்க" என்றாள் அங்கயற்கண்ணி. தாலியை என் கையிலிருந்து பிடுங்கி என் கழுத்திலேயே மூன்று முடிச்சும் போட்டாள். "ஏதோ ஒரு கழுத்துல ஏறினாச் சரி. மேளம் அடிங்க!"

மாமா தலையணையைப் பிரித்துப் பார்த்தார். கல் சௌக்கியமாக இருந்தது. சொன்ன சொல் தவறாத மனிதர், வேறு வழியில்லாமல் எங்களை ஆசீர்வாதம் செய்தார்.

தாலி ஏறியவர்தானே புகுந்த வீட்டுக்குப் போகவேண்டும்? அன்று சாயங்காலம் மாமா வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். வலது காலை எடுத்து வைத்து நான் உள்ளே போனேன். அண்ணனும் தம்பியும் வாசலில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்கள்.

"செல்லமா வளர்ந்துட்டானுங்க. அடுப்பு வேலை ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பக்குவமாச் சொல்லிக் கொடுக்கோணும். தலைப் பிரசவத்துக்கு நாங்களே வந்து கூட்டிட்டுப் போயிருவோம்."