உப்பு லாரியின் மைலேஜ்

மாதங்கபுரியில் ராஜா இருந்தார், தர்பார் இருந்தது, டீசல் பங்க்கும் இருந்தது. அதெப்படி என்று குறுக்கே கேட்பவர்களுக்கு நான் கதை சொல்வதில்லை.

ராஜாவின் பெயர் அதிரூப பூபதி. கடற்கரையிலிருந்து தலைநகருக்கு உப்பு மூட்டை ஏற்றிவர அவரிடம் ஒரு பெரிய டிரெய்லர் லாரி இருந்தது. அரண்மனை வண்டி எதுவானாலும் அதன் மேல் ராஜாவின் சிலை இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். லாரியின் கேபின் மேலேயும் ஒன்று நின்றது. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு. இடுப்பில் கை, விரிந்த அங்கவஸ்திரம், முன்னால் தள்ளிய மார்பு.

ஒருநாள் நிதியமைச்சர் வேதாசலனார் தர்பாரில் எழுந்தார். எழுந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ராஜா முன்னால் அவர் முதுகு நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"மகாராஜா! நம் லாரி லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்தான் ஓடுகிறது. டிரைவர் வீரணன் டீசலைத் திருடி விற்கிறான்."

தன் மைத்துனனை அந்த டிரைவர் சீட்டில் உட்காரவைக்க அமைச்சருக்கு ரொம்ப நாளாக ஆசை.

வீரணன் கையெடுத்துக் கும்பிட்டான். "சாமி, ஒரு சொட்டு எடுத்திருந்தா என் கை விளங்காமப் போவட்டும்! டயர்ல காத்து சரியா வெச்சிருக்கேன். வண்டி நின்னா எஞ்சினை ஆஃப் பண்ணிடறேன். விரட்டி ஓட்டுறதே இல்ல. அப்படியும் வண்டி முக்குது சாமி, ஏன்னா மேல..."

அதோடு நாக்கைக் கடித்துக்கொண்டான். பாவம், ராஜாவின் சிலையைப் பற்றி ராஜாவிடமே எப்படிக் குறை சொல்வது?

"அடுத்த நடையில் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் வரவேண்டும்," என்றார் ராஜா. "வராவிட்டால் இவனுக்குச் சிறை!"

"அதே லாரி, அதே டிரைவர், மகாராஜா," என்று அமைச்சர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "பாரமும் குறையக்கூடாது."

தர்பாரின் விகடன் அம்பலக்கூத்தன் முன்னால் வந்தான். "குறையாது அரசே. இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளத்தான் அனுமதி வேண்டும்."

"மைலேஜ் கேட்டால் பாரம் ஏற்றுகிறாயா? உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?"

"தாங்கள் நகர்வலம் போகும்போது முன்னால் போவது யார், அரசே?"

"அமைச்சர். கும்பிட்டபடி முன்னே போவார். நான் பின்னால் வருவேன்."

"லாரியில் மட்டும் தாங்கள் முன்னால் தனியாக நிற்கிறீர்கள். புழுதியும் பூச்சியும் முகத்தில் அடிக்கின்றன. இது முறையா? அமைச்சருக்கும் ஒரு சிலை செய்து முன்னால் வைப்போம். தாங்கள் பின்னால் வாருங்கள்."

ராஜா சரி என்றார். அமைச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சிற்பி வந்தபோது வழக்கத்தைவிட ஒரு பங்கு அதிகமாகவே குனிந்து காட்டினார்.

ராஜா சிலை கேபினிலிருந்து இறங்கி, பின்னால் உப்பு மூட்டைகளுக்கு நடுவே நின்றது. கேபின் மேலே குனிந்த அமைச்சர் ஏறினார். லாரி கிளம்பியது. டீசலை அளக்க அமைச்சரின் மைத்துனனே கூடப் போனான்.

திரும்பி வந்தவன் முகம் தொங்கிப்போயிருந்தது. "மூன்றுக்கு மேலேயே வந்துவிட்டது, மகாராஜா."

வீரணன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"இது என்ன மாயம்?" என்றார் ராஜா.

"மாயமில்லை அரசே. தாங்கள் மார்பை நிமிர்த்தி, எதிர்க்காற்று முழுவதையும் மறித்து நின்றீர்கள். அதைத் தள்ளித் தள்ளியே எஞ்சின் டீசலைக் குடித்தது."

ராஜாவின் மீசை துடித்தது. சபையில் எல்லோரும் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள்.

"வீரர்கள் அப்படித்தான் நிற்பார்கள், அரசே," என்றான் அம்பலக்கூத்தன். "அமைச்சரின் முதுகோ காற்றுக்கென்றே செய்தது. முன்னால் வந்த காற்று அதன் மேல் ஏறி, தங்கள் தலைக்கும் மேலே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. குனிந்து குனிந்து அவர் நாட்டுக்குச் செய்த முதல் நன்மை இதுதான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி அம்பலக்கூத்தனுக்குப் போட்டார். வீரணனுக்கு அரண்மனை லாரிகளின் மேற்பார்வையைக் கொடுத்தார். பிறகு யோசனையில் ஆழ்ந்தார்.

"நம்மிடம் இன்னும் ஏகப்பட்ட லாரிகள் இருக்கின்றனவே! அத்தனைக்கும் இப்படி ஒரு முதுகுக்கு எங்கே போவது?"

அம்பலக்கூத்தன் ஒதுங்கி நின்று கையைக் காட்டினான்.

"கொஞ்சம் தங்கள் சபையைப் பாருங்கள், அரசே."