எசக்கியம்மா போட்ட அடிக்குறிப்பு

பாளையங்கோட்டை வக்கீல் சிங்காரவேலு, எந்தத் தீர்ப்பு வந்தாலும் மறுநாளே பக்கம் பக்கமாக விளக்கம் எழுதிவிடுவார். அவர் ஆபீசில் குமாஸ்தா எசக்கியம்மாவுக்கு மட்டும் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது அவர் சட்டம். பதினோரு வருஷமாக நின்றபடியே டைப் அடித்தாள்.

ஜவுளிக்கடைப் பெண்களை நாள் முழுக்க நிற்க வைப்பது மனித கண்ணியத்துக்கு விரோதம் என்று ஒரு தீர்ப்பு வந்தது. வக்கீல் பொங்கிப் பொங்கிக் கட்டுரை சொன்னார், அவள் அடித்தாள்.

"நாளைக் காலையில ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆதாரம் இருக்கணும். ஒண்ணு விட்டாலும் உனக்கு இங்க வேலை இல்லை."

"'இந்தக் கொடுமை இன்றும் நடக்கிறது'ன்னு ஒரு வரி இருக்கே, அதுக்குமா சார்?"

"அதுக்குத்தான் முக்கியமா."

மறுநாள் வக்கீல் சங்கக் கூட்டம். முன்வரிசையில் மாவட்ட நீதிபதி. அடிக்குறிப்பைக்கூட விடாமல் வாசித்துப் படிப்பைக் காட்டுவது சிங்காரவேலுவின் வழக்கம். கணீரென்று வாசித்தார்: "இந்தக் கொடுமை இன்றும் நடக்கிறது. ஆதாரம்: வக்கீல் சிங்காரவேலு ஆபீஸ், முதல் மாடி. நேரில் பார்க்கலாம்."

வாசித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. நீதிபதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஆபீசுக்கு வந்ததும் குதித்தார். "அந்த வரியை எடு."

"எடுத்தா ஆதாரம் இல்லாம போயிருமே சார். ஒரு நாற்காலி வந்தா, 'நேற்று வரை'ன்னு திருத்திரலாம்."

சாயங்காலமே நாற்காலி வந்தது. எசக்கியம்மா சாய்ந்து உட்கார்ந்து, திருத்தத்தை நிதானமாக அடித்தாள்.

"முடிஞ்சுதா?" என்று உறுமினார் வக்கீல்.

"முடிஞ்சிரும் சார். இன்னும் தூக்கம் வரலை."