முதல் வேட்டு

பண்ணையார் தனசாமி, மாப்பிள்ளையும் ஆட்களும் சூழ, தம் பழைய துப்பாக்கியைக் குத்தகைக்காரன் சூசையிடம் நீட்டினார்.

"நல்ல துப்பாக்கி, இதை வச்சுக்கிட்டு உன்னுடையதைக் கொடு. சுட்டுப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், என் வார்த்தை போதும். முடியாதுன்னா நிலத்தைக் காலி பண்ணு."

புதுச் சாயத்துக்கடியில் குழலில் விரிசல் ஓடியதைச் சூசை பார்த்துவிட்டான். சொன்னால் பண்ணையாரைப் பொய்யர் என்றதாகிவிடும்.

"உங்க வார்த்தை போதுங்க. ஆனா எங்க மலை வழக்கப்படி, கொடுக்கிற வீட்டு ஆள்தான் முதல் வேட்டு போடணும்."

"எனக்குத் தோள்வலி."

"மாப்பிள்ளை போடட்டுமே."

மாப்பிள்ளை ஆசையோடு துப்பாக்கியை வாங்கித் தோட்டாவைப் போட்டார்.

"ஐயோ, கீழே வைங்க மாப்பிள்ளை! குழல் வெடிச்சிடும்! என் மக கைக்குழந்தைக்காரி!"

ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துப்பாக்கி மாற்றும் பேச்சையும் நிலத்தைக் காலி பண்ணும் பேச்சையும் பண்ணையார் மறுபடி எடுக்கவில்லை.

சூசை தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டினான்.

"என் பொண்டாட்டியும் கைக்குழந்தைக்காரிதாங்க."